சால்டர் என்ற ஆங்கிலச் சொல்லும் அதன் சொந்தபந்தங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் எலக்ட்ரானிக்ஸ் வேலை கற்க வரும் நம் பிள்ளைகளுக்குப் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும். ஆசிரியர் விளக்கம் பாதி பிரெஞ்சில் வரும். பக்கத்து மேசை நண்பனோடு பேச்சு கிரியோலில், அதாவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்தத் தீவின் பேச்சு மொழியில். வீட்டிலோ சனிக்கிழமை வகுப்பிலோ கற்ற தமிழும் கூடவே இருக்கும். "சால்டர்" (solder) என்ற சொல் வந்தால் இந்த நான்கு மொழியும் ஒன்றோடொன்று மோதும். கடை வாசலிலும் வங்கிக் காகிதத்திலும் இதே மாதிரி எழுத்துகளைப் பார்த்துவிட்டு வந்து, இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளே இவை.

சால்டர் என்றால் சரியாக என்ன?

இரண்டு உலோகத் துண்டுகளை, அவற்றைவிடக் குறைந்த சூட்டில் உருகும் இன்னொரு உலோகத்தை இடையில் ஓடவிட்டு இணைப்பதுதான் சால்டர் செய்வது. அப்படி ஓடவிடும் உலோகத்துக்கும் சால்டர் என்றே பெயர். இணைக்கப்படும் துண்டுகள் இரண்டும் உருகுவதே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் வெல்டிங்கோடு குழப்பம் வராது.

செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். பழைய ரேடியோ, டிவியில் எல்லாம் இருக்கும் சால்டர் கம்பி 183 டிகிரியிலேயே உருகிவிடும். அது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை. தனியாக எடுத்தால் வெள்ளீயம் 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். கலந்துவிட்டாலோ இரண்டுக்கும் முன்பே உருகுகிறது. சால்டர் தொழில் முழுக்க இந்த ஒரு குணத்தை நம்பித்தான் வளர்ந்தது.

எல் எழுத்தை உச்சரிக்க வேண்டுமா, வேண்டாமா?

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் உச்சரிப்பார்கள்: சோல்டர் அல்லது சால்டர். அமெரிக்காவில் "சாடர்" என்பார்கள். யூட்யூபில் அமெரிக்கர் ஒருவரின் பாடத்தைப் பார்த்துவிட்டு, அவர் வேறு ஏதோ சொல்கிறார் என்று குழம்ப வேண்டாம். அதே சொல்தான். நம் தீவில் தேர்வு வழியாக வருவது பிரிட்டிஷ் ஆங்கிலம் என்பதால் எல் எழுத்தை ஒலிப்பதே இங்கே இயல்பு.

அமெரிக்கர் சோம்பேறித்தனமாகப் பேசுகிறார் என்று நினைப்பது மட்டும் தவறு. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் எல் இல்லை. "ஸூதர்" என்பது போன்ற வடிவத்தில்தான் வந்தது. லத்தீன் படித்தவர்கள் மூலச் சொல்லில் எல் இருப்பதைப் பார்த்து, 15-ஆம் நூற்றாண்டிலிருந்து அதை மறுபடி எழுத்துக்குள் நுழைத்தார்கள். அதற்குப் பிறகும் பழைய வடிவம் உடனே போய்விடவில்லை. 1611-இல் அச்சான ஆங்கில பைபிளில், ஏசாயா 41-ஆம் அதிகாரத்தில் சிலை செய்யும் கைவினைஞர்களைப் பற்றிய வசனத்தில், இந்தச் சொல் எல் இல்லாமல்தான் இருக்கிறது.

அந்த எல் பிரெஞ்சில் எங்கே போனது?

அது நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் விஷயம்தான். லத்தீனில் மெய்யெழுத்துக்கு முன்னால் நின்ற எல், பழைய பிரெஞ்சில் கரைந்து உயிரோசையாக மாறிவிட்டது. லத்தீன் "கலிதுஸ்", அதாவது சூடானது, பேச்சில் இகரம் விழுந்து "கல்துஸ்" ஆகி, பிரெஞ்சில் "ஷோ" ஆனது. நம் கிரியோலில் அதுவே "ஸோ". தூள் என்று பொருள்படும் லத்தீன் "புல்வெரெம்" பிரெஞ்சில் "பூத்ர்" ஆனது. அதே வழியில் "ஸோலிதாரே" என்ற லத்தீன் வினை "ஸூதே" ஆகி, இன்று கிரியோலிலும் "ஸூதே" என்றே வழங்குகிறது. ஆக, பட்டறையில் நாம் சொல்லும் கிரியோல் வினையும் பாடநூலில் இருக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

1810 வரை இந்தத் தீவு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. பிறகு 1968 வரை பிரிட்டிஷார் ஆண்டார்கள். அதனால்தான் இரண்டு பிள்ளைகளும் இங்கே ஒரே வீட்டில் வளர்கிறார்கள்.

லத்தீன் மூலச் சொல்லுக்கு என்ன பொருள்? ஒட்டுவதா?

இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. "ஸோலிதாரே" என்றால் ஒட்டுவது என்று பொருள் இல்லை. "ஸோலிதுஸ்" ஆக்குவது என்று பொருள். "ஸோலிதுஸ்" என்றால் உள்ளே பொள்ளல் இல்லாதது, குறைவில்லாதது, முழுசாக இருப்பது. ஆங்கிலத்தில் சாலிட் என்று நாம் சொல்வது அதுதான். உடைந்ததை மறுபடி முழுசாக்குவதுதான் சால்டர். கோந்து போட்டு இரண்டைச் சேர்த்து நிறுத்தினால் அவை இரண்டாகவே இருக்கும். உலோகம் ஓடிச் சேர்ந்தால் ஒரே பொருளாகிவிடும். ரோமானியர் அந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். கீழே வரும் காசு, சம்பளம், தள்ளுபடி, ஜாமீன் எல்லாமே "முழுசு" என்ற இந்த ஒரே கருத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

ராணுவ வீரனைக் குறிக்கும் சோல்ஜர் என்ற சொல்லும் இதன் உறவா?

ஆம், நேரடி உறவு. நடுவில் இருப்பது ஒரு தங்கக் காசு.

4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் புதிய தங்கக் காசு ஒன்றை வெளியிட்டார். ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்தில் 72 காசு. ஒன்றின் எடை சுமார் 4.5 கிராம், நம் கணக்கில் அரைச் சவரனைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்கு முந்தைய காசுகளின் மதிப்பு குலைந்து போயிருந்த காலம் அது. அதனால் மாற்றும் (தங்கத்தின் தூய்மையும்) எடையும் குறையாத காசு என்ற பொருளில் அதற்கு "ஸோலிதுஸ்" என்ற பெயர் நின்றது. அந்தக் காசுகள் தென்னிந்தியா வரை வந்து, மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தும் இருக்கின்றன. அந்தக் காசின் பெயரே பிறகு சம்பளத்துக்கும் ஆகி, சம்பளம் வாங்கிச் சண்டை போடுபவன் ஆங்கிலத்தில் சோல்ஜர், பிரெஞ்சில் "ஸொல்தா" ஆனான். கிரியோலிலும் அதேதான்.

பிரெஞ்சில் இந்தக் காசு தேய்ந்து "ஸூ" ஆனது. கையில் ஒரு ஸூ கூட இல்லை என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும்போது, மதிப்பு குறையவே குறையாத அந்தத் தங்கக் காசின் பெயரைத்தான் சல்லிக்காசு என்ற பொருளில் சொல்கிறார்கள்.

இன்னொரு தடயமும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் ரசீதுகளில் 100/- என்று சாய்கோடு போட்டு எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்கோடு பிரிட்டிஷ் ஷில்லிங் கணக்கு எழுதும் முறையிலிருந்து வந்தது. ஷில்லிங்குக்கு அவர்கள் போட்ட எஸ் எழுத்து "ஸோலிதுஸ்" என்பதன் முதலெழுத்து. அச்சுத்தொழிலில் சாய்கோட்டுக்கு இன்றும் சாலிடஸ் என்று பெயர் உண்டு.

கடை வாசலில் "ஸோல்த்" என்று எழுதிப் போடுகிறார்களே, அது?

போர்ட் லூயிஸிலும் ரோஸ் ஹில்லிலும் தள்ளுபடிக் காலத்தில் கண்ணாடி முழுக்க ஒட்டியிருக்கும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லைத்தான் கேட்கிறீர்கள். அதுவும் இதே குடும்பம், ஆனால் இத்தாலி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. இத்தாலிய மொழியில் "ஸல்தாரே" என்றால் உலோகத்தைப் பற்றவைப்பது. கணக்கை முழுசாகத் தீர்ப்பதும் அதே சொல்தான். வணிகர்கள் பேச்சில் இருந்த அந்த இரண்டாவது பொருள் பிரெஞ்சுக்குப் போய், கணக்கு தீர்ப்பது, மிச்சத் தொகை, மிச்சச் சரக்கை விலை குறைத்துத் தீர்ப்பது என்று விரிந்தது. வங்கி இயந்திரத்தில் உங்கள் இருப்பைக் காட்டும் சொல்லும் இதுவே.

இதனால் ஒரு விபரீதம் இருக்கிறது. பிரெஞ்சில் கணக்கைத் தீர்ப்பது என்ற வினைச்சொல்லை எழுதினால், ஆங்கில சால்டரின் அதே ஆறு எழுத்துகள்தான் வரும். பிரெஞ்சில் படித்து வளர்ந்த பிள்ளை ஆங்கிலப் பாடநூலில் இந்தச் சொல்லைப் பார்த்து, மின்சுற்றுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று திகைப்பது நியாயமே. ஆசிரியர்கள் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

விற்றாகிவிட்டது என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் "சோல்ட்" இதில் சேராது. அது பழைய ஆங்கிலத்தில் கொடுப்பதைக் குறித்த வேறொரு வினையிலிருந்து வந்தது.

கிரியோலில் "ஸூதே" என்றால் வெல்டிங்கும் சால்டரிங்கும் இரண்டுமா?

இரண்டும்தான். பிரெஞ்சிலும் அப்படியே. கேட் செய்யும் பட்டறைக்காரர் இரும்பை உருக்கி இணைப்பதும் ஸூதே, போன் சரிசெய்பவர் மெல்லிய கம்பியைப் பற்றவைப்பதும் ஸூதே. பேச்சில் இதனால் ஒரு கஷ்டமும் இல்லை, எது என்று இடத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் விண்ணப்பமோ தேர்வோ எழுதும்போதுதான் பிரச்சினை. வெல்டர் என்று எழுத வேண்டிய இடத்தில் சால்டர் என்று எழுதினால் வேலையே மாறிவிடும்.

வெல்ட் என்பது தூய ஆங்கில மண்ணின் சொல். கொதித்துப் பொங்குவதைக் குறித்த பழைய வினை ஒன்றின் திரிபு, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வடிவத்துக்கு வந்தது. பிரேஸிங் என்பது தணலைக் குறிக்கும் பிரெஞ்சு "ப்ரேஸ்" என்ற சொல்லிலிருந்து வந்தது. 450 டிகிரிக்கு மேல் உருகும் உலோகத்தை ஓடவிட்டால் பிரேஸிங், அதற்குக் கீழே சால்டரிங் என்பது தொழில்நுட்ப வரையறை. நகைப் பட்டறையில் மட்டும் மேலே போனாலும் சால்டர் என்றே சொல்வார்கள்.

"ஸோலிதேர்" என்று வங்கிக் காகிதத்தில் இருக்கிறதே?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சொல் ஆராய்ச்சியைத் தாண்டி வீட்டையே பாதிக்கிற விஷயம் இது.

ரோமானியச் சட்டத்தில் "இன் ஸோலிதும்" என்றால் முழுத் தொகைக்கும் என்று பொருள். பலர் சேர்ந்து பட்ட கடனை ஒவ்வொருவரும் முழுசாகக் கட்டக் கடமைப்பட்டவர் என்பது அந்தக் கருத்து. அதுவே பிரெஞ்சுச் சட்டத்தில் "ஸோலிதேர்" ஆனது. மொரீஷியஸின் சிவில் சட்டம் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பை அடியொற்றியது. அதனால் அந்தச் சொல் இங்கே இன்றும் சட்டமாகவே உயிரோடு இருக்கிறது.

மாமா மகன் வீடு கட்டக் கடன் வாங்குகிறார், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் "கோசியோன் ஸோலிதேர்" (முழுத் தொகைக்கும் ஜாமீன்) என்று இருந்தால், வங்கி முதலில் அவரை விரட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்துக்கு உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேரே உங்களிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். என் பங்கு பாதிதானே என்று வாதாட முடியாது. உறவுக்காக, முகத்துக்கு அஞ்சிக் கையெழுத்துப் போடுவது நம்மிடம் அதிகம். போடலாம், ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு என்ன எடை என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

தொழிற்சங்க மேடைகளில் ஒருமைப்பாட்டைக் குறிக்கும் சாலிடாரிட்டி இந்தச் சட்டச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஒருவனுக்கு வந்ததை எல்லாரும் முழுசாகச் சுமப்பது.

தமிழோடு ஏதாவது உறவு உண்டா?

இரவல் வழியாக உண்டு. லத்தீன் சொல்லுக்கும் அடியில் "முழுசு" என்று பொருள்படும் ஒரு தொல் வேர் இருக்கிறது. அதே வேரிலிருந்துதான் கிரேக்கத்தில் "ஹோலோஸ்", சமஸ்கிருதத்தில் "ஸர்வ" ஆகியவை வந்தன. தமிழில் நாம் சர்வம், சர்வகாலமும் என்று சொல்கிறோமே, அது அந்த ஸர்வ தான். கத்தோலிக்கம் என்ற பெயருக்குள்ளும் ஹோலோஸ் இருக்கிறது. முழுசு என்று பொருள்படும் ஆங்கில "ஹோல்" மட்டும் கேட்கத்தான் ஹோலோஸ் மாதிரி இருக்கும், வேர் வேறு.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்?

பற்றவைத்தல். இதைவிட நல்ல சொல் தேட வேண்டியதில்லை. ஈயம் வைத்துப் பற்றவைப்பது, வெள்ளி வைத்துப் பற்றவைப்பது என்று தெளிவாகச் சொல்லலாம். வகுப்பில் சால்டரிங் என்று சொன்னாலும் குற்றம் இல்லை.

பொற்கொல்லர் பட்டறையில் இதற்குப் பொடி என்று பெயர். நகையின் இணைப்பு வாயில் பொடியும் வெண்காரமும் (போராக்ஸ்) வைத்து, ஊதுகுழலால் சுடரை அந்த இடத்தில் மட்டும் படும்படி ஊதுவார்கள். நகையும் உருகக் கூடாது, பொடி மட்டும் உருகி ஓட வேண்டும். அந்த நொடியில் கண் ஒன்றுதான் அளவுகோல். மாஹே தெ லாபூர்தொனே 1735-இல் ஆளுநராக வந்த காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் இந்தத் தீவுக்கு அழைத்து வரப்பட்டார்கள். உலோகத்தைப் பற்றவைக்கும் தமிழ்க் கைகளுக்கு இங்கே அவ்வளவு பழைய வரலாறு உண்டு.

கேடிஎம் நகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் கேடிஎம் என்பது காட்மியத்தைக் குறிக்கும். பழைய பொடியில் செம்பு அதிகம் கலந்ததால், பற்றவைத்த நகையை உருக்கினால் மாற்று குறைந்தது. காட்மியம் 321 டிகிரியிலேயே உருகும். அதைச் சிறிதளவு தங்கத்தோடு சேர்த்தால் பொடி எளிதில் ஓடியது, மாற்றும் நின்றது. ஆனால் அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் நகை அணிந்தவர்கள் அல்ல, குனிந்து ஊதிய ஆசாரிமார்கள். அதனால்தான் அதைக் கைவிடச் சொன்னார்கள். துத்தநாகம் போன்ற வேறு உலோகங்கள் அந்த இடத்துக்கு வந்தன.

வெறும் ஈயம் ஓடினால் எப்படி ஒரே பொருளாகிறது?

உருகிய வெள்ளீயம் செம்பின் மேல் பரவும்போது, தொடும் இடத்தில் இரண்டும் வினைபுரிந்து மிக மெல்லிய புதிய சேர்மப் படலம் ஒன்று உருவாகிறது. இணைப்பைப் பிடித்து நிறுத்துவது அதுதான். செம்பின் மேல் ஆக்சைடு இருந்தால் வெள்ளீயம் செம்பைத் தொடவே முடியாது. தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். அதை நீக்கத்தான் ஃபிளக்ஸ். மின்சுற்று வேலையில் அது பைன் மரப் பிசின், நகை வேலையில் வெண்காரம்.

செய்யும்போது கவனியுங்கள். சூடான முனையைக் கம்பிக்கும் பலகையின் செம்புப் பொட்டுக்கும் சேர்த்து வையுங்கள். ஓரிரு நொடி கழித்து, சால்டர் கம்பியை முனையில் தொடாமல் இணைப்பில் தொடுங்கள். முதலில் பிசின் லேசாகப் புகையும். அப்புறம் ஈயம் திடீரென்று பளபளத்து, கம்பியைச் சுற்றி ஓடி, ஓரத்தில் உள்வாங்கிய சரிவாக அமரும். உடனே இரண்டையும் எடுத்துவிடுங்கள், ஆறும்வரை அசைக்காதீர்கள். உருண்டையாக, மங்கலாக நின்றால் உள்ளே பிடிக்கவில்லை என்று பொருள். கடற்கரையோர வீடுகளின் உப்புக் காற்றில் இப்படிப்பட்ட அரைகுறை இணைப்பு சீக்கிரமே அரித்துப் போகும்.

இது எவ்வளவு பழைய தொழில்?

மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், "ஊர்" என்றே பெயர் கொண்ட பழைய நகரத்தின் அரச கல்லறைகளில், சுமார் கி.மு. 2500-ஐச் சேர்ந்த பொன் நகைகளில் பற்றவைத்த இணைப்புகள் உண்டு. ரோமானியர் காரீயத் தண்ணீர்க் குழாய்களை இப்படித்தான் இணைத்தார்கள். முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, இரண்டு பங்கு கறுப்பு ஈயமும் ஒரு பங்கு வெள்ளை ஈயமும் கலப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். நாமும் காரீயம், வெள்ளீயம் என்று அதே மாதிரி நிறத்தை வைத்துத்தான் பிரிக்கிறோம். ஈயத்துக்கான லத்தீன் பெயரான "பிளும்பும்" என்பதிலிருந்துதான் பிளம்பர் வந்தார்.

தைப்பூசத்துக்கு எடுக்கும் பால் செம்பில் ஓட்டை. வீட்டில் இருக்கும் சால்டர் கம்பியால் அடைக்கலாமா?

அடைக்கவே கூடாது, அந்தக் கம்பியில் காரீயம் இருந்தால். காரீயம் உடம்பில் தங்கும் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். காவடிக்குச் சுமந்து போகும் பால் வெயிலில் புளித்தால் காரீயம் இன்னும் எளிதாகக் கரையும். அபிஷேகப் பால் பிரசாதமாகக் குழந்தைகள் கைக்கும் வரும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் காரீயத்தைத் தடுத்துவிட்டது. அதனால் காரீயம் இல்லாத கம்பி கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. பரவலாகப் பயன்படுவது வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 விழுக்காடு கொண்ட கலவை, 217 டிகிரியில் உருகத் தொடங்கும். ஆனால் மின்சுற்றுக்காகச் செய்த கம்பியின் நடுவில் இருக்கும் ஃபிளக்ஸ் பாத்திரத்துக்கு ஏற்றதல்ல. உணவுப் பாத்திரத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கும் சால்டரையும் அதற்குரிய ஃபிளக்ஸையும் வாங்கி, வேலை முடிந்ததும் செம்பை நன்றாகக் கழுவுங்கள். பழைய செம்பில் ஏற்கெனவே சாம்பல் நிற ஒட்டு இருந்து, அது எந்த ஈயம் என்று தெரியாவிட்டால், அந்தச் செம்பைப் பூஜை அறையில் அலங்காரமாக வைத்துவிட்டுப் பாலுக்கு வேறு செம்பு எடுங்கள்.